பெட்டிக்குள் ஒரு போர்க்கப்பல்

பெட்டியைத் திறந்ததும் வருவது ஏமாற்றம்தான். மூடியில் உள்ள படத்தில் மூன்று பாய்மரங்கள், பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கி வாய்கள், வலை பின்னியதுபோலக் கயிறுகள். உள்ளே கப்பல் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கட்டுக்கட்டாக மெல்லிய மரப்பட்டிகள், லேசரில் வெட்டிய சில பலகைகள், பொட்டலம் பொட்டலமாகப் பித்தளைச் சாமான்கள், உலோகத்தில் வார்த்த பொடிப் பீரங்கிகள், ஐந்தாறு தடிமனில் நூல் உருண்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில், மடித்து வைத்த பெரிய வரைபடத் தாள்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, சுங்க வரியும் கட்டி வரவழைத்தவர் பெருமூச்சு விட்டுவிட்டு, பட்டியலில் உள்ளபடி குச்சிகளை எண்ண உட்காருகிறார். வரைபடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைக்கிறார். பெரும்பாலோர் செய்யும் முதல் தப்பு அது.

உலகெங்கும் மர மாதிரிக் கப்பல் கட்டுபவர்கள் விரும்பி வாங்கும் பெட்டிகளில் ஒன்று 'கான்ஸ்டிடியூஷன்'. அமெரிக்கக் கடற்படையின் முதல் போர்க்கப்பல்களில் ஒன்று. ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ் வடிவமைத்து, பாஸ்டனில் கட்டி, 1797 அக்டோபரில் தண்ணீரில் இறக்கப்பட்டது. பெயருக்கு 44 பீரங்கிக் கப்பல். ஏற்றிச் சென்றதோ 50-க்கும் மேல். பாஸ்டன் துறைமுகத்தில் இன்றும் மிதக்கிறது. கடற்படைப் பணிப் பட்டியலிலிருந்து நீக்கப்படாமல் இன்னும் மிதந்துகொண்டிருக்கும் போர்க்கப்பல்களில் உலகிலேயே மூத்தது அதுதான். முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து 300 அடிக்கு மேல் நீளம். பிரபலமான ஒரு அமெரிக்கக் கிட்டில் நிஜக் கப்பலின் ஒரு அடி, அங்குலத்தில் 32-ல் 5 பங்காகச் சுருங்குகிறது. அப்படியும் நீளம் ஏறத்தாழ நாலடி. நடுப் பாய்மரம் மூன்றடிக்குச் சற்றுக் குறைவு. இதை எங்கே வைப்பது என்ற கேள்வி வீட்டில் எழும்போது பெரும்பாலும் கப்பல் பாதி முடிந்திருக்கும்.

வேலை அடிமரத்தில் தொடங்குகிறது. படகு கட்டுவோர் 'ஏரா' என்று சொல்லும் அதே முதுகெலும்பு. கிட்டில் அது ஒற்றைப் பலகை. அதில் வெட்டிய பிளவுகளில் குறுக்குப் பலகைகள் விலா எலும்புகளாகச் செருகப்படுகின்றன. செருகும்போது எல்லாம் சரியாகத்தான் பொருந்தும். சோதனை அடுத்த கட்டத்தில். விலா எலும்புகளின் விளிம்புகள் நேர்கோணமாக வெட்டப்பட்டவை; கப்பலின் உடம்போ முன்னும் பின்னும் வளைந்து குறுகுவது. எனவே ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாளால் சாய்வாகத் தேய்க்க வேண்டும். ஒரு பட்டியை நெடுக வைத்துப் பார்த்தால் எல்லா விலாவையும் இடைவெளி இல்லாமல் தொட வேண்டும். எங்காவது தூக்கினால் அங்கே பள்ளம். எங்காவது முட்டினால் அங்கே மேடு. இதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுபவர்களும் உண்டு. யார் யார் என்பது ஆறு மாதம் கழித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது தெரிந்துவிடும்.

பிறகு பலகை அடிப்பது. கப்பலின் நடு உடம்பில், மேல்தளத்திலிருந்து அடிமரம் வரை 20 பட்டிகள் பிடிக்கும் என்றால், முன்முனையில் 12 பட்டிக்குத்தான் இடம் இருக்கும். ஆனால் கிட்டில் வரும் பட்டிகள் எல்லாம் ஒரே அகலம். ஆகவே ஒவ்வொன்றையும் முனையை நோக்கிச் சீவி ஒடுக்க வேண்டும். பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்கினால் பட்டி கூர்ந்து வலுவிழக்கும். அப்போது இரண்டு பட்டிகளை ஒன்றில் சேர்க்க வேண்டும். பின்பக்கம் கதை தலைகீழ். அங்கே பட்டிகளுக்கு நடுவே இடைவெளி திறந்துகொள்ளும், ஆப்பு போன்ற துண்டுகளை நுழைத்து நிரப்ப வேண்டும். முன்முனை வளைவுக்குப் பட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, சூடு காட்டி வளைத்து, காயும் வரை பிடித்து வைக்க வேண்டும். வீட்டுக் கொடியிலிருந்து துணி மாட்டும் கிளிப்புகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான்.

இன்னொரு விதி: இடப்பக்கம் ஒரு பட்டி என்றால் அடுத்தது வலப்பக்கம். ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால், காயும் மரமும் பெவிகாலும் சேர்ந்து முதுகெலும்பையே வாழைப்பழம்போல் வளைத்துவிடும். அப்படி வளைந்த கப்பலை நிமிர்த்த வழி கிடையாது. நம் ஊர் வெயிலும் மழையும் வேறு. மழைக்காலத்தில் நெருக்கமாக ஒட்டிய பட்டிகள் கோடையில் விலகி, நடுவே தலைமுடி நுழையும் இடைவெளி காட்டும். அமெரிக்காவில் எழுதப்பட்ட செய்முறைப் புத்தகத்தில் பருவமழைக்கு அத்தியாயம் இல்லை.

இந்த நிலையில்தான் ஓரமாக வைத்த வரைபடம் மேஜைக்குத் திரும்புகிறது. செய்முறைப் புத்தகம் அடுத்து எதை ஒட்டுவது என்று மட்டும் சொல்லும். உடம்பு எந்த இடத்தில் எவ்வளவு அகலம், பீரங்கி வாயின் கீழ்விளிம்பு தளத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதற்கெல்லாம் பதில் தாளில்தான் இருக்கிறது. மரத்தைத் தப்பாக வெட்டினால் வேறு மரம் வாங்கலாம். பித்தளை ஆணி குறைந்தால் கம்பியை நறுக்கிக்கொள்ளலாம். வரைபடம் தொலைந்தால் பெட்டியில் மிச்சம் இருப்பது விறகு. கிட் வாங்குபவர் காசு கொடுப்பது மரத்துக்கு என்று நினைக்கிறார். உண்மையில் அவர் வாங்குவது அந்த நாலைந்து தாள்களை.

இதே பாடத்தைப் பம்பாய் கப்பல் கட்டும் துறை 200 ஆண்டுகளுக்கு முன்பே படித்தது. படிக்க வைத்தது, மேஜை மேல் பாதி முடிந்து நிற்கும் இதே கான்ஸ்டிடியூஷன்.

அப்போது நெப்போலியனுடன் நீண்ட யுத்தத்தில் இருந்த பிரிட்டனுக்குக் கப்பல் கட்ட ஓக் மரம் போதவில்லை. பம்பாயில் மலபார்த் தேக்கு இருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய வாடியா என்ற பார்சிக் குடும்பமும் இருந்தது. லவ்ஜி நுஸர்வான்ஜி வாடியா 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தொடங்கிய தொழில் அது. அவர் வழியில் வந்த ஜம்ஷெட்ஜி பமன்ஜி வாடியா 1810-ல் 'மிண்டன்' என்ற 74 பீரங்கிக் கப்பலைக் கட்டிக் கொடுத்தார். பிரிட்டிஷ் கடற்படை தன் முதல் வரிசைப் போர்க்கப்பல் ஒன்றைத் தன் நாட்டுக்கு வெளியே கட்டச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் திறமையில் லண்டனுக்குத் திருப்தி. 1812 அக்டோபரில் மேலும் ஒரு ஃப்ரிகேட்டுக்கு உத்தரவு போனது. பெயர் 'திரிகோணமலை' - ஆங்கிலேயர் வாயில் 'டிரிங்கோமலி'.

உத்தரவு போதாது, வரைபடம் வேண்டும். அதை ஏற்றிக்கொண்டு நவம்பரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பியது 'ஜாவா' என்ற ஃப்ரிகேட். பம்பாயில் கட்டிக்கொண்டிருந்த கப்பல்களின் அடிப்பாகத்துக்கான செப்புத் தகடுகளும் அதில் இருந்தன. இந்தியாவில் பதவி ஏற்க வந்துகொண்டிருந்த லெப்டினன்ட் ஜெனரல் தாமஸ் ஹிஸ்லாப்பும் இருந்தார். ஐந்து வருடம் கழித்து மகித்பூரில் ஹோல்கர் படையை எதிர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை நடத்தியவர் இவர்தான். பிரிட்டனும் அமெரிக்காவும் அந்த வருடம் ஜூன் மாதத்திலிருந்தே போரில் இறங்கியிருந்தன. டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் ஜாவாவின் எதிரே வந்து நின்றது கான்ஸ்டிடியூஷன்.

சண்டை சில மணி நேரம் நடந்தது. ஜாவாவின் பாய்மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கேப்டன் ஹென்றி லாம்பர்ட் படுகாயம் அடைந்து பிற்பாடு இறந்தார். கொடி இறங்கியது. பிடிபட்ட கப்பலை ஊருக்கு ஓட்டிச் செல்ல முடியாத அளவு சேதம். எனவே அமெரிக்க கேப்டன் வில்லியம் பெயின்பிரிட்ஜ் ஆட்களை இறக்கிவிட்டு அதற்குத் தீ வைத்தார். பம்பாய்க்கு வரவேண்டிய வரைபடங்கள் வந்து சேரவில்லை.

இங்கிலாந்தில் மறுபடியும் பிரதி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. திரிகோணமலையின் அடிமரம் இடப்பட்டது 1816-ல். இடையில் வேறு கப்பல்களும் வரிசையில் நின்றதால், தாமதம் முழுவதையும் அந்தத் தீயின் தலையில் கட்ட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. தேக்கு இருந்தது, தச்சர் இருந்தார்கள், 74 பீரங்கிக் கப்பலையே கட்டிப் பழகிய தலைமை மேஸ்திரி இருந்தார். தாள் இல்லாததால் அந்தக் கப்பலை மட்டும் தொடங்க முடியவில்லை. அந்தக் காலத்தில் கப்பல் வரைபடம் என்பது, ஒரு அடியைக் கால் அங்குலமாக்கி வரைந்த ஒரு சில கோடுகள். அதைக் கொட்டகைத் தரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி வரைந்து, அந்தக் கோட்டின்படி அச்சு எடுத்து, மரத்தை வெட்டுவார்கள். கிட் கட்டுபவர் செய்வது அதே பயணத்தின் எதிர்த்திசை. கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஜம்ஷெட்ஜியின் உருவப்படம் ஒன்று உண்டு. அதில் அவர் கையில் உளியோ வாளோ இல்லை. இருப்பது கவராயமும் கப்பல் வரைபடமும்.

இன்னொரு வேடிக்கை, அந்த வரைபடமே முதலில் பிரெஞ்சுக்காரருடையது. 1782-ல் பிடித்த 'ஹெபெ' என்ற பிரெஞ்சுக் கப்பலை அளந்து, அதே வடிவில் ஆங்கிலேயர்கள் வரிசையாகக் கட்டிய கப்பல்களில் ஒன்றுதான் திரிகோணமலை. எரிந்துபோன ஜாவாவும் பிறப்பால் பிரெஞ்சு. 1811-ல்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

திரிகோணமலை 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறங்கியது. பார்சி வழக்கப்படி அடிமரத்தில் வெள்ளி ஆணி அடித்திருந்தார்கள். அதற்குள் நெப்போலியன் செயின்ட் ஹெலினாத் தீவில் இருந்தார். சண்டை போட எதிரி இல்லை. இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 25 வருடத்துக்கு மேல் பாய்மரம் கழற்றி நிறுத்தப்பட்டது. பிறகு சில காலம் கடற்பயணம், அப்புறம் பெயர் மாறிப் பயிற்சிக் கப்பலாக நெடுங்காலம். கடைசியில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் பத்தாண்டுக்கு மேல் நடந்த சீரமைப்பு 2001-ல் முடிந்தது. இன்றும் அங்கே மிதக்கிறது. ஐரோப்பாவில் மிதக்கும் போர்க்கப்பல்களில் அதுதான் மூத்தது. வரைபடத்தை எரித்த கப்பல் பாஸ்டனில், எரிந்த வரைபடத்தின் கப்பல் இங்கிலாந்தில். இருவரும் இன்னும் உயிரோடு.

உயிரோடு என்பதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பம்பாய்க் கப்பலின் மரத்தில் பாதிக்கு மேல் பழைய தேக்கே. தேக்கில் உள்ள எண்ணெய்ப் பசை மரத்தையும் காக்கிறது, உள்ளே அடித்த இரும்பையும் காக்கிறது. ஓக் மரத்தின் அமிலமோ இரும்பை அரிக்கும். கான்ஸ்டிடியூஷனில் 1797-ஆம் வருட மரம் இன்று பத்து முதல் பதினைந்து சதவீதம்தான் என்று சொல்லப்படுகிறது. மிச்சமெல்லாம் சீரமைப்புகளில் மாற்றப்பட்டவை. 1927-ல் தொடங்கி 1931-ல் முடிந்த பெரிய சீரமைப்புக்குப் பள்ளிக் குழந்தைகள்கூடச் சில்லறை சேர்த்துக் கொடுத்தார்கள். மரம் இவ்வளவு மாறிய பிறகும் அது அதே கப்பல்தானா என்று கேட்டால், உருவம் அதே என்பதுதான் பதில். அந்த உருவம் எங்கே பத்திரமாக இருந்தது?

பாதி, தாள்களில். மீதி, ஒரு பொம்மையில். கான்ஸ்டிடியூஷன் 1812 ஆகஸ்டில் 'கெரியர்' என்ற ஆங்கிலக் கப்பலை வென்றபோது அதன் கேப்டனாக இருந்த ஐசக் ஹல், அடுத்த வருடம் தன் கப்பலின் மாதிரி ஒன்றை சேலம் நகரத்தில் இருந்த ஒரு சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். நம் சேலம் அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்துத் துறைமுகம். கிழக்கிந்தியக் கடலோடிகள் சங்கம் என்பது அதன் பெயர். நன்னம்பிக்கை முனையையோ ஹார்ன் முனையையோ சுற்றி வந்த கப்பல் தலைவர்களும் சரக்குப் பொறுப்பாளர்களும்தான் அதில் உறுப்பினராக முடியும். மாதிரி இன்றும் அதே ஊரில் பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1812-ல் கப்பல் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும் என்றால் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் போவது அதைத்தான். காரணம், நிஜக் கப்பல் மாறிக்கொண்டே வந்தது. மாதிரி அப்படியே நின்றுவிட்டது.

கிட் கட்டுபவருக்கும் இதனால் ஒரு தலைவலி. எந்த வருடத்துக் கப்பலைக் கட்டுவது? ஆரம்பத்தில் முன்முனையில் ஹெர்குலிஸ் சிலை இருந்தது. 1804-ல் சொந்தக் கடற்படையின் 'பிரெசிடென்ட்' கப்பலோடு மோதியதில் அது போயிற்று. சாதாரணச் சுருள் வேலைப்பாடு வந்தது. 1834-ல் அப்போதைய ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் சிலையை வைத்தார்கள். பாஸ்டனில் அவருக்கு வேண்டாதவர்கள் அதிகம். ஒரு இரவு யாரோ படகில் வந்து சிலையின் தலையை ரம்பத்தால் அறுத்துக்கொண்டு போய்விட்டார்! அரசியல்வாதிக்குச் சிலை வைப்பதில் உள்ள தொல்லை எல்லா ஊருக்கும் பொதுதான். கிட் தயாரிப்பாளர்கள் பல வருடத்துத் தோற்றங்களை ஒன்றாகக் கலந்துவிடுவதும் உண்டு. அக்கறையுள்ளவர் பெட்டியில் வந்ததை அப்படியே ஒட்டாமல், ஹல் மாதிரியின் புகைப்படங்களைத் தேடி எடுத்து, ஒப்பிட்டுத் திருத்துகிறார்.

பம்பாய்க் கப்பலையே கட்ட ஆசைப்படுபவருக்குப் பெட்டி அவ்வளவு எளிதில் அகப்படாது. கடைப் பட்டியல்களைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது நெல்சனின் 'விக்டரி', ஸ்வீடனின் 'வாசா', கலகத்துக்குப் பேர்போன 'பவுன்ட்டி', அப்புறம் கான்ஸ்டிடியூஷன். நவாரினோவில் 1827-ல் பிரிட்டிஷ் தளபதியின் கப்பலாக நின்ற 'ஏஷியா' பம்பாயில் கட்டியது. 1842-ல் சீனா கையெழுத்திட்ட நான்கிங் ஒப்பந்தத்துக்கு மேடையான 'கார்ன்வாலிஸ்' பம்பாயில் கட்டியது. அட்டைப்பெட்டிக்காரர்களுக்கு இவை ஞாபகம் வருவதில்லை. கட்டியே தீருவேன் என்பவர் வரைபடத்தை வாங்கி, மரத்தைத் தானே அறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதிலும் ஒரு சிக்கல்: தேக்கில் கட்டிய கப்பலின் மாதிரி தேக்கில் சோபிக்காது. 76-ல் ஒரு பங்காகச் சுருக்கும்போது பலகை சுருங்கும், மரத்தின் ரேகை சுருங்காது. ஒரு பட்டியில் தெரியும் தேக்கு ரேகை, அளவுக்கு மீறிய பள்ளமாகத் தோன்றும். பேரி மரம் போன்ற நெருக்கமான ரேகையுள்ள மரத்தைத்தான் தேட வேண்டும்.

உடம்பு முடிந்து, நீர்மட்டத்துக்குக் கீழே செப்புத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் ஒட்டி முடித்த பிறகு கயிறு வேலை. பலர் பாதியில் விட்டுவிடும் இடம் இது. பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் தடித்த கயிறுகளின் அடியில், மூன்று துளையிட்ட வட்டக் கட்டைகள் இரண்டிரண்டாக. ஒன்றுக்கும் மற்றதற்கும் நூல் கோத்து இறுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் இறுக்கினால் மரம் அந்தப் பக்கம் சாயும். மாலுமிகள் ஏறும் கயிற்று ஏணிக்கு ஒவ்வொரு படியிலும், ஒவ்வொரு குறுக்குக் கயிற்றிலும் ஒரு முடிச்சு. மூன்று பாய்மரத்துக்கும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். நூலைத் தேன்மெழுகில் இழுத்துவிட்டால் பிசிறு அடங்கும். ஒரு மாலைக்கு மூன்று நான்கு படிகள் ஏறினால் அதிகம். பெட்டியைத் திறந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிள்ளை ஆறாவது படிக்கும்போது ஆரம்பித்த கப்பல், ஒன்பதாவது போகும்போது முடியலாம்.

கயிறு கட்டத் தொடங்கும் முன்பே தளத்தில் பொருத்திவிட வேண்டிய சாமான் ஒன்று உண்டு. கயிறுகள் வந்துவிட்டால் பிறகு கை நுழையாது. சுக்கானைத் திருப்பும் சக்கரம் அது. ஒரே அச்சில் இரண்டு சக்கரம், விரல் நுனியில் நிற்கும் அளவு. ஜாவாவுடன் நடந்த சண்டையில் கான்ஸ்டிடியூஷனின் சக்கரம் குண்டுபட்டுச் சிதறிவிட்டது. தீ வைக்கும் முன்பு ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றி, தன் கப்பலில் மாட்டிக்கொண்டுதான் பெயின்பிரிட்ஜ் பாஸ்டன் திரும்பினார். ஆகவே மேஜை மேல் நிற்பது 1812 ஆகஸ்ட் மாதத்துக் கப்பல் என்றால், ஒட்ட வேண்டியது பாஸ்டன் சக்கரம். 1813 என்றால், பம்பாய்க்கு வந்திருக்க வேண்டிய சக்கரம். கிட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. எது என்று பெட்டியில் எழுதவில்லை.